ஹாலண்ட் இந்த வாரம் கோல் அடிப்பாரா? ஃபேண்டஸி கால்பந்துக்குக் கொஞ்சம் புள்ளியியல்

2019 ஆகஸ்ட். இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீகிலிருந்து அப்போதுதான் மேலே ஏறி வந்திருந்தது நார்விச் சிட்டி. அதன் முன்கள வீரர், ஃபின்லாந்துக்காரர் டீமு புக்கி, பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களில் ஐந்து கோல் போட்டார். லிவர்பூலுக்கு எதிராக ஒன்று, நியூகாசிலுக்கு எதிராக மூன்று, செல்சிக்கு எதிராக ஒன்று. நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு ஃபேண்டஸி பிரீமியர் லீக். அதில் அவருடைய விலை 6.5 மில்லியன் பவுண்ட் கற்பனைப் பணம்தான். பல லட்சம் பேர் அவசர அவசரமாக அவரைத் தங்கள் அணியில் சேர்த்தார்கள்.

மூன்று ஆட்டத்தில் ஐந்து. இதே வேகத்தில் போனால் 38 ஆட்டத்தில் அறுபது கோலைத் தாண்ட வேண்டும். அது நடக்காது என்று பந்தைக் காலால் தொட்டிராதவர்கூடச் சொல்லிவிடுவார். சரி, எத்தனைதான் நடக்கும்? இருபதா, பதினைந்தா, பத்தா? இந்த இடத்தில்தான் புள்ளியியல் கைகொடுக்கிறது. புக்கி அந்தப் பருவத்தை 11 கோலுடன் முடித்தார். அடுத்த 33 ஆட்டங்களில் அவருக்குக் கிடைத்தவை ஆறு கோல்கள்.

புக்கி மோசமான வீரர் இல்லை. அதற்கு முந்தைய பருவத்தில் இரண்டாம் நிலை லீகில் 29 கோல் அடித்தவர் அவர். தவறு கணித்தவர்களுடையது: நடந்து முடிந்ததை அப்படியே நீட்டிப் பார்த்தார்கள். ஒரு வீரரின் கணக்கில் எது திரும்ப வரும், எது திரும்ப வராது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த விளையாட்டில் புள்ளியியலின் முழு வேலையும். அதைப் பள்ளிக் கணக்கு மட்டுமே தெரிந்தவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஆட்டத்தின் விதிகள், சுருக்கமாக. உங்களுக்கு 100 மில்லியன் பவுண்ட் கற்பனைப் பணம் தரப்படும். அதில் 15 பேரை வாங்க வேண்டும்: இரண்டு கோல் கீப்பர், ஐந்து தடுப்பாட்டக்காரர், ஐந்து நடுக்கள வீரர், மூன்று முன்கள வீரர். ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு வாரமும் 11 பேரை இறக்கி, ஒருவரைக் கேப்டன் ஆக்குவீர்கள். அவருடைய புள்ளிகள் இரட்டிப்பாகும். அறுபது நிமிடமாவது ஆடினால் 2 புள்ளி, அதற்குக் குறைந்தால் 1. கோல் அடித்தால் முன்கள வீரருக்கு 4, நடுக்கள வீரருக்கு 5, தடுப்பாட்டக்காரருக்கு 6. அசிஸ்ட், அதாவது கோலுக்கு வழிசெய்த கடைசிப் பாஸ் என்றால் 3. அணி கோல் வாங்காமல் ஆட்டத்தை முடித்தால், அதாவது க்ளீன் ஷீட் கிடைத்தால், தடுப்பாட்டக்காரருக்கும் கோல் கீப்பருக்கும் 4, நடுக்கள வீரருக்கு 1. மஞ்சள் அட்டைக்கு ஒன்று குறையும். இலவசமாகக் கிடைக்கும் மாற்றத்துக்கு மேல் இன்னொரு வீரரை மாற்றினால் நான்கு புள்ளி அபராதம். இந்த நான்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். 2002 முதல் நடக்கும் இந்த விளையாட்டுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பணம் கட்டி ஆடும் செயலிகளோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரு சோறு எப்போது பதம்?

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்கிறோம். புள்ளியியலில் மாதிரி எடுப்பது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பழமொழி எப்போது பலிக்கிறது என்று கவனியுங்கள். பானையில் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில், ஒரே நேரம் வெந்திருக்கிறது. அதனால் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும். கால்பந்து ஆட்டங்கள் அப்படி இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் எதிரணி வேறு, களம் வேறு, பந்து கம்பத்தில் பட்டு எந்தப் பக்கம் தெறிக்கிறது என்பது வேறு. இங்கே ஒரு சோறு போதாது. மூன்று சோறும் போதாது.

நியூகாசிலின் பாபிஸ் சிஸ்ஸே கதை இன்னும் கூர்மையானது. 2012 ஜனவரியில் வந்து சேர்ந்தவர், மீதிப் பருவத்தில் 14 லீக் ஆட்டங்களில் 13 கோல் அடித்தார். பதினான்கு ஆட்டம் என்பது சின்ன எண்ணிக்கை இல்லையே என்று தோன்றும். அடுத்த பருவத்தில் 36 ஆட்டங்களில் அவருக்கு எட்டு கோல்தான்.

இந்தப் போக்குக்குச் 'சராசரிக்குத் திரும்புதல்' என்று பெயர். ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1880-களில் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை அளந்தபோது கண்டது இது: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகத்தான் இருந்தார்கள், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. எந்த உச்சத்திலும் திறமையோடு கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். திறமை அடுத்த மாதமும் கூட வரும். அதிர்ஷ்டம் வருமென்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

இதைக் கணக்கில் கொண்டுவர ஓர் எளிய வழி இருக்கிறது. வீரரின் உண்மையான ஆட்டங்களோடு, சராசரி வீரர் ஒருவரின் பத்து ஆட்டங்களைச் சேர்த்துவிடுங்கள். மேலே ஏறி வந்த அணியின் முன்கள வீரர் ஆட்டத்துக்கு 0.35 கோல் அடிப்பார் என்று வைத்துக்கொண்டால், பத்து ஆட்டத்துக்கு 3.5 கோல். புக்கியின் ஐந்தோடு கூட்டினால் 8.5. ஆட்டங்கள் மூன்றும் பத்தும் பதின்மூன்று. வகுத்தால் ஆட்டத்துக்கு 0.65. மூன்று ஆட்டத்தை மட்டும் பார்த்தபோது வந்த 1.67 எங்கே, இந்த 0.65 எங்கே! நடந்தது இதையும்விடக் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்து, 0.35 என்பவை நானே வைத்துக்கொண்ட எண்கள். இன்னும் கறாராக வைப்பவர்களும் உண்டு. ஆட்டங்கள் கூடக் கூட அந்தச் சேர்த்த பத்தின் பாரம் தானாகவே குறைந்து, வீரரின் சொந்தக் கணக்கு மேலே வந்துவிடும். இந்த முறையின் அழகு அதுதான்.

கோல் ஒன்றுதான், வாய்ப்பு ஒன்றல்ல

அந்தச் சிஸ்ஸே 2012 மே 2 அன்று செல்சியின் மைதானத்தில் அடித்த ஒரு கோலைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். பெனால்டி பெட்டிக்கு வெளியே, இடது ஓரத்தில், கோலுக்கு மிகக் குறுகிய கோணத்தில் நின்றுகொண்டு, விழுந்து வந்த பந்தை வெளிப்பாதத்தால் சுழற்றி, கோல் கீப்பர் பீட்டர் செக்கின் தலைக்கு மேலே அனுப்பினார். அதே இடத்திலிருந்து அதே ஷாட்டை நூறு முறை அடிக்கச் சொன்னால் எத்தனை உள்ளே போகும்? ஒன்றோ இரண்டோ. ஃபேண்டஸி அட்டவணையில் அதற்கும் ஒரு கோல், கோல் கோட்டுக்கு ஓரடி முன்னால் நின்று தட்டிவிட்டதற்கும் ஒரு கோல்.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் 'எதிர்பார்ப்புக் கோல்'. பேச்சில் எல்லோரும் எக்ஸ்ஜி என்பார்கள். இதற்கு முன் அடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான ஷாட்களை எடுத்துக்கொண்டு, கோலிலிருந்து எவ்வளவு தூரம், என்ன கோணம், காலாலா தலையாலா, பந்து எப்படி வந்து சேர்ந்தது என்று வகைப்படுத்துவார்கள். அந்த வகை ஷாட்களில் எத்தனை கோலானது என்பதே ஒரு ஷாட்டின் மதிப்பு. பெனால்டிக்கு ஏறக்குறைய 0.78, அதாவது நூற்றுக்கு எழுபத்தெட்டு உள்ளே போகும். தூரத்திலிருந்து ஆசைக்கு அடிக்கும் ஷாட்டுக்கு 0.03-ஐப் போல வரும். ஒரு வீரரின் ஷாட்களை எல்லாம் கூட்டினால், சராசரியாக முடிப்பவர் ஒருவர் அந்த வாய்ப்புகளிலிருந்து எத்தனை கோல் எடுத்திருப்பார் என்பது கிடைக்கும். அசிஸ்டுக்கும் இதேபோல எக்ஸ்ஏ என்று ஒன்று உண்டு.

ஷாட்களை எண்ணும் பழக்கம் புதிதல்ல. 1950 மார்ச் 18 அன்று சுவிண்டன் டவுன் - பிரிஸ்டல் ரோவர்ஸ் ஆட்டத்தின் நடுவே சார்லஸ் ரீப் என்ற விமானப்படைக் கணக்கு அதிகாரி நோட்டை எடுத்துக் குறிக்கத் தொடங்கினார். பிறகு பல பத்தாண்டுகள் அதை விடவில்லை. ஏறக்குறைய ஒன்பது ஷாட்டுக்கு ஒரு கோல் என்ற கணக்கு அவர் வழியாகத்தான் பரவியது. ஆனால் அவருடைய இன்னொரு முடிவு ஒரு நல்ல எச்சரிக்கை. பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் வருகின்றன என்று கண்டு, பந்தை நீளமாக முன்னே தூக்கிப் போடுவதே சரியான வழி என்று அவர் வாதிட்டார். அவர் பார்க்கத் தவறியது, பெரும்பாலான நகர்வுகளே மூன்று பாஸுக்குள் முடிந்துவிடுகின்றன என்பதை. பின்னத்தில் கீழே இருக்கும் பகுதியைப் பார்க்காமல் மேலே இருக்கும் தொகுதியை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். ஃபேண்டஸியிலும் இதே தவறு தினமும் நடக்கிறது: 'இவர் எட்டு கோல் அடித்திருக்கிறார்' என்பார்கள், எத்தனை நிமிடத்தில், எத்தனை ஷாட்டில் என்று கேட்க மாட்டார்கள். அதனால்தான் எல்லாக் கணக்கையும் 90 நிமிடத்துக்கு இவ்வளவு என்று மாற்றிப் பார்க்கிறோம்.

பெனால்டியைத் தனியாகப் பிரிக்காமல் எக்ஸ்ஜியைப் படிப்பதும் ஆபத்து. மான்செஸ்டர் யுனைடெட்டின் புரூனோ ஃபெர்னாண்டஸ் 2020-21 பருவத்தில் 18 லீக் கோல் அடித்தார், அதில் ஒன்பது பெனால்டி. அடுத்த பருவத்தில் கிறிஸ்டியானோ ரொனால்டோ வந்தார். பெனால்டி பெரும்பாலும் கை மாறியது. புரூனோ பத்து கோலுடன் முடித்தார், அவற்றில் ஒன்றுகூட பெனால்டி இல்லை. '18-லிருந்து 10-க்கு விழுந்துவிட்டார்' என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். பெனால்டியைக் கழித்துப் பாருங்கள்: ஒன்பது, பிறகு பத்து. ஓடி ஆடி அடிக்கும் கோலில் அவர் துளியும் விழவில்லை. வாய்ப்பின் ஒரு பெரிய ஊற்று அவரிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். எனவே ஒரு வீரரை வாங்குமுன் அவருடைய அணியில் பெனால்டி யார் அடிக்கிறார் என்று பார்ப்பது எந்த நுண்ணிய கணிப்பு மாதிரியை விடவும் பயன் தரும்.

எக்ஸ்ஜி வேதவாக்கு இல்லை. தென் கொரிய வீரர் சன் ஹியூங்-மின் போன்ற ஒருவர் ஆண்டுதோறும் தன் எக்ஸ்ஜியைத் தாண்டிக்கொண்டே இருந்தார். 2021-22-இல் ஒரு பெனால்டிகூட இல்லாமல் 23 கோல் அடித்து, அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை லிவர்பூலின் சலாவுடன் பகிர்ந்துகொண்டார். இரண்டு காலாலும் ஒரே தரத்தில் அடிக்கும் அப்படிப்பட்டவருக்குச் சராசரி முடிப்பாளரின் அளவுகோல் சற்றுக் குட்டைதான். ஆனால் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர். ஒரு பருவம் மட்டும் எக்ஸ்ஜியை மீறிய ஒருவரைப் பார்த்து 'இவரும் இன்னொரு சன்' என்று முடிவு கட்டினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். ஃபேண்டஸி பிரீமியர் லீகின் தளமே 2022-23 முதல் ஒவ்வொரு வீரருக்கும் எக்ஸ்ஜி, எக்ஸ்ஏ காட்டுகிறது, ஆகவே தேடி அலைய வேண்டியதில்லை.

ஆனைக்கும் அடி சறுக்கும், எத்தனை முறை என்றும் சொல்லலாம்

வாய்ப்பின் சராசரி தெரிந்துவிட்டது. ஆனால் சனிக்கிழமை அரைக் கோல் யாரும் அடிக்க முடியாது. சராசரியிலிருந்து 'கோலே இல்லாமல் போக எவ்வளவு வாய்ப்பு, ஒன்று அடிக்க எவ்வளவு, இரண்டு அடிக்க எவ்வளவு' என்று போக ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தின் பெயர் பாய்சான் பரவல். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் வணிகக் கணிதம் எடுத்தவர்கள் இதைக் கடந்துதான் வந்திருப்பீர்கள். பிரெஞ்சுக் கணித மேதை பாய்சான் 1837-இல் எழுதியது. அதை உலகம் நம்பும்படி செய்தவர் புள்ளியியலாளர் போர்ட்கீவிச். பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை அவர் 1898-இல் வெளியிட்டார். பத்துப் படைப்பிரிவு, இருபது ஆண்டு, அதாவது 200 பதிவுகள். மொத்தச் சாவு 122. சராசரி 0.61. சூத்திரத்தின்படி சாவே இல்லாத பதிவுகள் சுமார் 109 இருக்க வேண்டும். இருந்தவையும் 109.

எப்போதாவது நடக்கிற, ஒன்று நடந்ததால் அடுத்தது நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத எதற்கும் இந்தச் சூத்திரம் ஓரளவு பொருந்தும். கோல் அப்படிப்பட்ட ஒன்று.

முன்கள வீரர் எர்லிங் ஹாலண்டை வைத்துச் சோதித்துப் பார்ப்போம். 2022-23-இல் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்த முதல் பருவத்திலேயே 35 ஆட்டங்களில் 36 கோல் அடித்தார். பிரீமியர் லீகில் ஒரு பருவத்துக்கு அதுதான் உச்சம். ஆட்டத்துக்குச் சராசரி 1.03. பாய்சான் சூத்திரத்தில் இந்த ஓர் எண்ணை மட்டும் போட்டால், கோல் இல்லாத ஆட்டங்கள் 12.5, ஒரு கோல் அடித்தவை 12.9, இரண்டு கோல் அடித்தவை 6.6, மூன்றும் அதற்கு மேலும் அடித்தவை 3 என்று வருகிறது. நடந்ததை நான் ஆட்டம் ஆட்டமாக எண்ணினேன். கோல் இல்லாதவை 12. ஒரு கோல் 14. இரண்டு கோல் 5. மூன்று கோல் 4.

முதன்முறை இந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது. எந்த எதிரணி, எந்த மைதானம், யார் காயம் என்று எதுவும் தெரியாத ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு பழைய சூத்திரம் இவ்வளவு அருகில் வருகிறது.

இதிலிருந்து ஃபேண்டஸி ஆடுபவர் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பன்னிரண்டைத்தான். லீக் வரலாற்றின் மிகச் சிறந்த கோல் பருவத்தில்கூட, மூன்று ஆட்டத்துக்கு ஒன்று வெறுங்கை. அப்படி ஒரு வாரம் வந்தவுடன் 'ஹாலண்ட் ஃபார்ம் போய்விட்டது' என்று விற்றவர்கள் உண்டு. ஃபார்ம் போனதற்கு அது சான்றே இல்லை. சராசரி 1.03 உள்ள எவருக்கும் வந்தே தீர வேண்டிய வாரங்கள் அவை. ஷாட்டும் எக்ஸ்ஜியும் அப்படியே இருந்து கோல் மட்டும் வராமல் போனால் பொறுத்திருங்கள். ஷாட்டே குறைந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

சாதாரண நல்ல நடுக்கள வீரருக்கு எக்ஸ்ஜி 0.3 இருக்கும். அவர் கோல் அடிக்காமல் போக 74 விழுக்காடு வாய்ப்பு. அதாவது உங்கள் கணிப்பு முற்றிலும் சரியாக இருந்தாலும், நான்கில் மூன்று வாரம் அது தவறுபோலவே தோன்றும்.

தடுப்பாட்டக்காரர்களுக்கும் இதே சூத்திரம்தான், திருப்பிப் போட்டு. எதிரணி சராசரியாக 0.7 கோல் அடிக்கும் என்று கணித்தால் க்ளீன் ஷீட் வாய்ப்பு 50 விழுக்காடு. 1 என்றால் 37. 1.4 என்றால் 25. 2 என்றால் 14-க்கும் கீழே. நான்கு புள்ளியால் பெருக்கினால், முதலாவதில் தடுப்பாட்டக்காரருக்கு எதிர்பார்ப்பு 2 புள்ளி, கடைசியில் அரைப் புள்ளி. 2025-26 முதல் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது: ஓர் ஆட்டத்தில் பந்தைத் தட்டிப் பறிப்பது, இடைமறிப்பது, தூக்கி வெளியேற்றுவது, ஷாட்டைத் தடுப்பது எல்லாம் சேர்ந்து பத்து முறை செய்தால் தடுப்பாட்டக்காரருக்கு 2 புள்ளி. எனக்கு இந்த விதி மிகவும் பிடித்திருக்கிறது. கோல் எப்போதோ நடப்பது; இவை ஒவ்வோர் ஆட்டத்திலும் பலமுறை நடப்பவை. பலமுறை நடப்பதைக் கணிப்பது எளிது.

களத்தில் இல்லாதவருக்குப் புள்ளி இல்லை

இனி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வீரரின் வாரக் கணிப்பைப் போடுவோம். பெயரில்லாத ஒரு நடுக்கள வீரர். 90 நிமிடத்துக்கு எக்ஸ்ஜி 0.36, எக்ஸ்ஏ 0.24. அறுபது நிமிடத்தைத் தாண்டி ஆட 85 விழுக்காடு வாய்ப்பு. மாற்று வீரராகக் கொஞ்ச நேரம் மட்டும் வர 10 விழுக்காடு. சராசரியாக 75 நிமிடம் என்று கொள்ளலாம்.

ஆடியதற்கான புள்ளி 1.8. எழுபத்தைந்து நிமிடத்துக்கு எக்ஸ்ஜி 0.30, ஐந்தால் பெருக்கினால் 1.5. எக்ஸ்ஏ 0.20, மூன்றால் பெருக்கினால் 0.6. க்ளீன் ஷீட் வகையில் 0.26. ஆட்டத்தில் சிறந்து நின்றவர்களுக்குக் கிடைக்கும் போனஸ் புள்ளிகளுக்கு உத்தேசமாக 0.4, மஞ்சள் அட்டைக்கு 0.15 கழிவு. கூட்டினால் 4.4. இதுதான் அவருடைய எதிர்பார்ப்புப் புள்ளி.

இப்போது இரண்டு மாற்றம் செய்து பார்க்கலாம். முதலாவது, எதிரணி பலவீனம்: லீக் சராசரியைவிட 30 விழுக்காடு அதிகமாகக் கோல் வாங்கும் அணி. எக்ஸ்ஜி 0.39 ஆகும், எக்ஸ்ஏ 0.26 ஆகும். கூடும் புள்ளி 0.63. இரண்டாவது, எதிரணி பழையபடியே. ஆனால் அவர் தொடக்கத்திலேயே இறங்குவாரா என்பது சந்தேகம், வாய்ப்பு 50 விழுக்காடு, மாற்றாக வர 30 விழுக்காடு. நிமிடம் 48 ஆகக் குறையும். எல்லாவற்றையும் மறுபடி கூட்டினால் 2.9 வருகிறது. இழப்பு 1.5 புள்ளி.

எளிய எதிரணியால் வரும் லாபத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல், நிமிட இழப்பால் போய்விடுகிறது. வாரா வாரம் எந்த எதிரணி எளிது, எது கடினம் என்று காட்டும் வண்ண அட்டவணையை மணிக்கணக்கில் பார்ப்பவர்கள், பயிற்சியாளர் யாரை இறக்குவார் என்பதற்குப் பத்து நிமிடம்கூடச் செலவிடுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். பெப் குவார்டியோலா பயிற்றுவித்த மான்செஸ்டர் சிட்டியில் நேற்று இரண்டு கோல் போட்டவர் நாளை பெஞ்சில் இருப்பார். இதற்கு 'பெப் ரூலெட்' என்றே ஒரு பெயர் நிலைத்துவிட்டது. மூன்று நாளுக்கு முன் ஐரோப்பியப் போட்டியில் முழு நேரம் ஆடினாரா, சர்வதேச ஆட்டத்துக்காக வேறு கண்டத்துக்குப் பறந்து திரும்பினாரா, அவருடைய இடத்துக்கு இன்னொருவர் காயத்திலிருந்து மீண்டு வந்துவிட்டாரா என்ற கேள்விகளுக்கு மாதிரிகளைவிடப் பயிற்சியாளரின் செய்தியாளர் சந்திப்பு நன்றாகப் பதில் சொல்லும்.

அந்த நான்கு புள்ளி அபராதத்துக்கு இப்போது வருவோம். நல்ல வீரர் ஒருவரை விற்றுவிட்டு, அவரைப் போன்றே ஆடும் இன்னொருவரை எளிய எதிரணிக்காக மட்டும் வாங்கினால் வாரத்துக்கு 0.63 புள்ளி லாபம். நான்கை அடைக்க ஆறு வாரத்துக்கு மேல் ஆகும். எந்த அணிக்கும் ஆறு வாரம் தொடர்ந்து எளிய எதிரணி வாய்ப்பது அரிது. ஆனால் அணியில் ஒருவர் காயப்பட்டுப் பூஜ்யமாகிவிட்டார் என்றால், அவருக்குப் பதில் 4.4 தரும் ஒருவரை வாங்குவது முதல் வாரத்திலேயே கடனை அடைத்துவிடும்.

சொந்த மைதானம் என்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு, ஆனால் அது இயற்கை விதி அல்ல. பார்வையாளர் இல்லாமல் பெரும்பாலும் நடந்த 2020-21 பருவத்தில் சொந்த மைதான வெற்றிகள் 144, வெளி மைதான வெற்றிகள் 153. இங்கிலாந்தின் உயர்மட்ட லீகில் அதற்கு முன் ஒரு முழுப் பருவத்திலும் அப்படி நடந்ததில்லை. சொந்த மைதானத்தின் பலத்தில் கூட்டத்தின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆண்டு காட்டியது.

இவ்வளவு தற்செயல் இருந்தால் கணக்குப் போட்டு என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம். லிமெரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் ஃபேண்டஸி பிரீமியர் லீகின் பல பருவத் தரவரிசைகளை ஒப்பிட்டு, ஒரு பருவத்தில் நன்றாக ஆடியவர்கள் மற்றப் பருவங்களிலும் நன்றாக ஆடும் போக்கு இருப்பதைக் காட்டினார்கள். வெறும் அதிர்ஷ்டமாக இருந்தால் அப்படி வராது. 2013-இல் சென்னையில் விஸ்வநாதன் ஆனந்தை வென்று உலகச் சதுரங்க வாகையான மேக்னஸ் கார்ல்சன், 2019 டிசம்பரில் எழுபது லட்சத்துக்கும் அதிகமானோர் ஆடிய இந்த விளையாட்டில் சில நாள் உலக முதலிடத்தில் இருந்தார். பருவத்தைப் பத்தாம் இடத்தில் முடித்தார். அவருக்கும் வெறுங்கை வாரங்கள் வந்தன.

தொடங்க விரும்புபவருக்கு நான் சொல்வது, ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு வாரமும் கெடு நேரத்துக்கு முன், அதாவது முதல் ஆட்டம் தொடங்குவதற்கு 90 நிமிடத்துக்கு முன்னால், உங்கள் 11 பேருக்கும் எதிர்பார்ப்புப் புள்ளியை எழுதுங்கள். கோல் அடிக்க எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்றும் எழுதுங்கள். ஒரு வாரத்தைப் பார்த்து மகிழவோ நோகவோ வேண்டாம். பத்து வாரம் கழித்து, 30 விழுக்காடு என்று எழுதிய இடங்களை மட்டும் தேடி எடுங்கள். நாற்பது இடம் இருந்தால், அவற்றில் ஏறக்குறைய பன்னிரண்டில் கோல் விழுந்திருக்க வேண்டும். இருபது விழுந்திருந்தால் நீங்கள் அஞ்சி அஞ்சிக் கணிக்கிறீர்கள். ஐந்துதான் விழுந்திருக்கிறது என்றால், உங்களுக்குப் பிடித்த வீரர்களின் பக்கம் எண்கள் சாய்ந்திருக்கக்கூடும். அந்த ஐந்து பேரும் எந்தெந்தக் கிளப்பைச் சேர்ந்தவர்கள், மீதி முப்பத்தைந்து பேர் யார் என்று பெயர் பெயராகப் பார்த்தால், சாய்வு எங்கே என்று தெரிந்துவிடும்.